1400 ரூபா மைக்ரோஸ்கோப்ல காசு பாக்கலாமா? திருமங்கலம் தம்பிக்கு என் பதில்

தம்பி, நீங்க கேட்டது இது. தாத்தா டிரங்குப் பெட்டியில இருந்து 400 காசு கிட்ட கெடச்சிருக்கு, பாதிக்கு மேல நயா பைசா காலத்துல இருந்து தொண்ணூறுகள் வரைக்கும் உள்ளது, ஒரு ஆறு வெள்ளி ரூபா, கொஞ்சம் பச்சை புடிச்ச செம்புத் துண்டு. ஆன்லைன்ல 1400 ரூபாய்க்கு ஆயிரம் மடங்கு பெருசாக்கும்னு போட்ட யூஎஸ்பி மைக்ரோஸ்கோப் பாத்தீங்க, அதை வாங்கினா மின்ட் மார்க் (எந்த ஆலையில அடிச்சதுன்னு காட்டுற சின்னக் குறி), டபுள் டை (அச்சுலயே எழுத்து ரெண்டா விழுந்தது), எரர் (அடிக்கும்போது வந்த பிழை) எல்லாம் பாக்க முடியுமா? அப்புறம் 1998 ஒரு ரூபா காசுல எழுத்து ரெண்டு ரெண்டா தெரியுதே, அது டபுள் டையா? எல்லாத்துக்கும் சேத்து சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுமையா படிங்க.

நான் மதுரையில பேங்க்ல கேஷியரா இருந்து ரிட்டயர் ஆனவன். காசு மூட்டை தெனமும் கையில வந்து போகும், அதுல இருந்து தொத்துன பழக்கம். பத்து வருஷத்துக்கு மேல லென்ஸ்ல மட்டுமே பாத்தேன், அப்புறம்தான் யூஎஸ்பி மைக்ரோஸ்கோப் வாங்கினேன், இப்ப ரெண்டாவது ஓடுது. வாங்குங்க, வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஆனா வாங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு மனசுல வச்சுக்கிருங்க, வெரைட்டியை (அச்சு வித்தியாசத்தால ஒரே காசுல வர்ற தனி வகையை) கண்டுபுடிக்கிறது பெருசாக்குற கண்ணாடி இல்ல, எந்தப் பக்கத்துல இருந்து வெளிச்சம் விழுதுங்குறதும், பக்கத்துல வச்சு ஒப்பிட இன்னொரு காசு இருக்கான்னுங்குறதும்தான். இது புரியாம மைக்ரோஸ்கோப்ல எட்டிப் பாத்தா பெட்டியில உள்ள 400 காசும் எரர் காசாத்தான் தெரியும்.

மொதல்ல அந்த ஆயிரம் மடங்கு கதை. டப்பாவுல போடுற நம்பரை நம்பாதீங்க. நீங்களே அளந்து பாத்துரலாம், பள்ளிக்கூட ஸ்கேலை அதுக்கு அடியில வச்சு, லேப்டாப் ஸ்கிரீன் அகலத்துல எத்தனை மில்லிமீட்டர் தெரியுதுன்னு எண்ணுங்க. சாதாரண 15.6 இஞ்ச் லேப்டாப் ஸ்கிரீன் அகலம் 345 மில்லிமீட்டர் இருக்கும், அதுல ஸ்கேல்ல 7 மில்லிமீட்டர் தெரிஞ்சா 345ஐ 7ஆல வகுங்க, கிட்டத்தட்ட 49 மடங்கு. அம்புட்டுத்தான். அதே படத்தை வீட்டு டிவியில போட்டா மடங்கு கூடும், ஆனா புதுசா ஒரு விவரமும் வராது, இருக்குற புள்ளிகளை இழுத்துக் காட்டும். மலிவு விலை சென்சார் நெசமா எடுக்குற படம் சின்னது, மென்பொருள் அதை ஊதிப் பெருசாக்கிட்டு 5 மெகாபிக்சல்னு பேர் வச்சுக்கிரும். காசுக்கு இது ஒரு குறையே இல்ல, ஏன்னா மின்ட் மார்க்கே ஒரு மில்லிமீட்டருக்கும் கம்மி, 20ல இருந்து 50 மடங்கு வச்சா ஸ்கிரீன்ல கட்டைவெரல் அகலத்துக்கு வந்துரும். நான் பாக்குறதுல பத்துக்கு ஒம்போது தடவை 30 மடங்குக்கு மேல போறதே இல்ல. அதுக்கு மேல போனா லென்ஸ் காசுல போய் முட்டும், வெளிச்சம் உள்ள போக எடம் இருக்காது, எழுத்தோட மேல்பக்கம் தெளிவா இருந்தா தரை, அதாவது எழுத்தைச் சுத்தி உள்ள சமதளம், கலங்கிக் கெடக்கும்.

எந்த மாதிரி வாங்கன்னு கேட்டா, லேப்டாப் இருந்தா சாதா யூஎஸ்பி ஒயர் வச்சதே போதும். பெரும்பாலும் வெப்கேமரா மாதிரி தானா எடுத்துக்கும், அதோட குடுக்குற சிடியெல்லாம் போட வேணாம், விண்டோஸ்ல உள்ள கேமரா ஆப்லயே படம் வந்துரும். போன்ல பாக்கணும்னா ஓடிஜி கனெக்டர் வேணும், சில போன் எடுத்துக்காது, அதனால திருப்பிக் குடுக்க வசதி இருக்குற கடையில வாங்குங்க. வைஃபையில ஓடுறது வேணாம், படம் தாமதமா வரும், காசை நகத்துனா ஒரு நொடி கழிச்சு நகரும், தலை சுத்தும். மைக்ரோஸ்கோப்லயே ஸ்கிரீன் வச்சு வர்றது இருக்கு, வெலை ரெண்டு மூணு மடங்கு ஆகும், கொஞ்சம் உயரத்துல இருந்தே ஃபோகஸ் ஆகும்ங்குறதுதான் அதுல உள்ள பெரிய லாபம், சைடுல லைட் அடிக்க எடம் கெடைக்கும். வாங்குறதுக்கு முன்னாடி ஒரு நாள் தெரிஞ்ச மொபைல் சர்வீஸ் கடையில போய், போர்டுல சால்டரிங் பண்ண ரெண்டு கண்ணு வச்சுப் பாக்குற மைக்ரோஸ்கோப் வச்சிருப்பாங்கல்ல, அதுல அஞ்சு நிமிஷம் உங்க காசை வச்சுப் பாருங்க. மேடு பள்ளம் அப்படியே ஆழமாத் தெரியும். யூஎஸ்பியில அந்த ஆழம் தெரியாது, எல்லாம் தட்டையான போட்டோதான், இந்த வித்தியாசம் மனசுல பதிஞ்சுட்டா பின்னால ஏமாற மாட்டீங்க.

ஸ்டாண்டு பத்தி ரெண்டு வார்த்தை. கூட வர்ற பிளாஸ்டிக் ஸ்டாண்டு ஆடும், பக்கத்து ரோட்டுல பஸ் போனா படமும் ஆடும். வீட்டுக்குப் போட்டு மிச்சம் இருக்குற தரை டைல்ஸ் துண்டு ஒண்ணு எடுத்து அதுமேல ஸ்டாண்டை ஒட்டிருங்க, கனத்துக்கு அசையாது. படம் எடுக்க மைக்ரோஸ்கோப் மேல உள்ள பட்டனை அமுக்காம, கம்ப்யூட்டர்ல கிளிக் பண்ணுங்க. காசுக்கு அடியில பளிச்சுன்னு வெள்ளை பேப்பர் வைக்காதீங்க, கேமரா குழம்பிப்போய் காசை இருட்டாக்கிரும், சாம்பல் நிற அட்டை வைங்க. காசை லேசா சாய்க்க வேண்டி வரும், அதுக்கு நான் சின்னத் துணிப்பையில கடுகு ரொப்பித் தச்சு வச்சிருக்கேன், எந்தப் பக்கம் அமுக்குறோமோ அந்தப் பக்கம் சாயும், காசுலயும் கீறல் விழாது.

இப்ப வெளிச்சம். இதுலதான் விஷயமே இருக்கு.

லென்ஸைச் சுத்தி எட்டு எல்ஈடி வச்சிருப்பான், பாத்தா நல்லாத்தான் இருக்கும். ஆனா எட்டுப் பக்கமும் மேல இருந்து வெளிச்சம் வந்தா நிழல்னு ஒண்ணு எங்கயும் விழாது, நிழல் இல்லாட்டி மேடு எது பள்ளம் எதுன்னு தெரியாது. தொண்ணூறுகள்ல வந்த ஸ்டீல் காசுல இன்னும் மோசம், எட்டு எல்ஈடியும் எட்டு வெள்ளைப் பொட்டா காசு மேல உக்காந்துரும். அந்த பிம்பத்தையே டை கிராக், டை சிப்புன்னு (அச்சு வெடிச்சோ ஒடஞ்சோ காசுல பதிஞ்ச தடம்னு) நெனச்சுப் படம் புடிச்சு அனுப்புறவங்களை நெறையப் பாத்துருக்கேன். அதனால ஒயர்ல உள்ள சக்கரத்தைத் திருப்பி எல்ஈடியை சுத்தமா அணைச்சிருங்க. படிக்கிற டேபிள் லாம்ப் ஒண்ணை காசு மட்டத்துக்கு எறக்கி, ஒரே பக்கத்துல இருந்து படுக்கையா அடிங்க. சாயங்காலம் அஞ்சரை மணிக்கு யானைமலையைப் பாருங்க, மத்தியானம் மொழுமொழுன்னு தெரிஞ்ச பாறையில அப்பத்தான் ஒவ்வொரு மடிப்பும் எடுத்துத் தெரியும், காசுலயும் அதே கதைதான். ரொம்பப் பளபளப்பான காசா இருந்தா லாம்புக்கு முன்னாடி டிரேசிங் பேப்பர் ஒண்ணைத் தொங்கவிடுங்க, இல்லாட்டி வெள்ளை ஐஸ்கிரீம் கப்போட அடியை வெட்டி காசைச் சுத்தி வச்சு வெளியில இருந்து லைட் அடிங்க, பொட்டெல்லாம் போயிரும். அப்புறம் லாம்பை அசைக்காம காசை மட்டும் பைய ஒரு சுத்து சுத்துங்க. ஒரு கோணத்துல மட்டும் தெரிஞ்சு மத்த கோணத்துல மறையிறது அநேகமா பிம்பம், எல்லாக் கோணத்துலயும் எடம் மாறாம இருக்குறது காசுல உள்ளது.

இன்னொரு விஷயம், இதுக்கு நானே ரெண்டு வருஷம் ஏமாந்தேன். நம்ம மூளை எப்பவும் வெளிச்சம் மேல இருந்து வருதுன்னே எடுத்துக்கும். ஸ்கிரீன்ல படத்துக்குக் கீழ்ப்பக்கத்துல இருந்து லாம்ப் அடிச்சீங்கன்னா மேடு பள்ளமாவும் பள்ளம் மேடாவும் தெரியும், கண்ணை எம்புட்டுக் கசக்குனாலும் மாறாது. கீறல் டை கிராக்காத் தெரியும், டை கிராக் கீறலாத் தெரியும். அதனால லாம்ப் எப்பவும் ஸ்கிரீன் படத்தோட மேல்பக்கம் இருக்குற மாதிரி வச்சுக்கிருங்க, மொதல்ல மேடுன்னு நிச்சயமாத் தெரிஞ்ச ஒரு எழுத்தைப் பாருங்க, அது மேடாத் தெரிஞ்சாத்தான் மத்ததைப் பாக்கணும். சந்தேகம் வந்தா ஃபோகஸ் சக்கரத்தைத் திருப்புங்க, எழுத்து மொனை தெளிவாகுற எடத்துல அந்தக் கோடும் தெளிவானா அது மேடு, தரை தெளிவாகுறதையும் தாண்டித் திருப்புனாத்தான் தெளிவாகும்னா அது பள்ளம்.

மேடா பள்ளமான்னு இம்புட்டு அலசுறதுக்குக் காரணம் இருக்கு. காசு அடிக்கிற டை ஸ்டீல் அச்சு, ஆயிரக்கணக்குல லட்சக்கணக்குல அடிச்சு அடிச்சு அதுல வெடிப்பு விழும், அந்த வெடிப்புக்குள்ள உலோகம் போய் காசுல மேடான கோடாப் பதியும், அதான் டை கிராக். வெடிப்பு பெருசாகி ஓரத்துல ஒரு துண்டு ஒடஞ்சு விழுந்துட்டா அந்த எடம் காசுல மொட்டையா வீங்கி இருக்கும். காசு வெளிய வந்தப்பறம் ஆணியிலயோ சாவிக்கொத்துலயோ பட்டது பள்ளமாத்தான் இருக்கும். மேடு அச்சுல பொறந்தது, பள்ளம் பையில வந்தது, பெரும்பாலும் இப்படிப் பிரிச்சிரலாம். எழுத்தே இல்லாம மழுங்கி இருந்தா அச்சுப் பள்ளத்துல எண்ணெயும் அழுக்கும் அடைச்சிருந்திருக்கும், அந்த எடத்துல தரை வழவழன்னு சுத்தி உள்ள மாதிரியே இருக்கும். யாராவது சுரண்டியிருந்தா 30 மடங்குல அரம் போட்ட கோடு கோடாத் தெரியும்.

உங்க பெட்டிக்கு வர்றேன். 400 காசையும் மைக்ரோஸ்கோப்புக்கு அடியில வைக்காதீங்க, கண்ணும் கழுத்தும் போயிரும். மொதல்ல வெறுங்கண்ணால வகை பிரிங்க, வகைக்குள்ள வருஷம் பிரிங்க. அப்புறம் 10 மடங்கு லென்ஸ், தெற்காவணி மூல வீதியில நகைக்கடைக்காரங்க கண்ணுல இடுக்கிப் பாக்குறாங்கல்ல அதுதான், ரெண்டு மூணு நூறு ரூபாய்க்கு நல்லதே கெடைக்கும். அதுல மின்ட் மார்க் பாத்து இன்னொரு தடவை பிரிங்க. கடைசியா சந்தேகம் உள்ளது ஒரு இருபது முப்பதுதான் மிஞ்சும், அதுக்குத்தான் மைக்ரோஸ்கோப்.

மின்ட் மார்க் பெரும்பாலும் வருஷத்துக்குக் கீழ இருக்கும். ஒண்ணுமே இல்லாட்டி கல்கத்தா, டைமண்ட் இருந்தா பம்பாய், அஞ்சு மொனை நட்சத்திரம் ஹைதராபாத், வட்டப் புள்ளி நொய்டா. ஹைதராபாத்ல நட்சத்திரம் மட்டும் இல்ல, நடுவுல பொளந்த டைமண்டும், உள்ள புள்ளி வச்ச டைமண்டும் போட்ட காலம் இருக்கு. உங்க நயா பைசாக்கள்ல இதுதான் பாக்கவே ருசியான எடம், ஏன்னா தேஞ்சுபோன காசுல பொளந்த டைமண்டும் முழு டைமண்டும் லென்ஸ்ல ஒரே மாதிரி இருக்கும், 40 மடங்குல படுக்கை வெளிச்சம் அடிச்சாத்தான் நடுவுல மயிரிழை மாதிரி ஒரு பள்ளம் தெரியும். அதே மாதிரி டைமண்டோட நாலு மொனையும் தேஞ்சுட்டா உருண்டைப் புள்ளியா ஆயிரும், நொய்டான்னு எழுதி வச்சிருவாங்க. நொய்டா ஆலை 1988லதான் காசு அடிக்கவே ஆரம்பிச்சது, 1975 தேதி போட்ட காசுல புள்ளி தெரிஞ்சா அது நொய்டா இல்ல, இந்த ஒரு கணக்கு மைக்ரோஸ்கோப்பை விட வேகமா வேலை செய்யும். வெளிநாட்டுல அடிச்சு வந்ததும் உண்டு, 1985 ஒரு ரூபாயில வருஷத்துக்குக் கீழ இங்கிலீஷ் எச் எழுத்து சின்னதா இருந்தா அது பர்மிங்காம் ஹீட்டன் ஆலை. 2000 வாக்குல வந்த 2 ரூபா, 5 ரூபாயில குட்டியா எம்எம்டின்னு மூணு எழுத்து இருந்தா மாஸ்கோ. நம்ம ஊரு பஸ் கண்டக்டர் பையில இருந்தது மாஸ்கோவுல அடிச்சதுன்னு மொதத் தடவை பாத்தப்ப எனக்கு அன்னைக்குத் தூக்கமே வரல.

அடுத்து டபுள் டை. ஸ்டீல் காசு வச்சிருக்குற எல்லாருக்கும் வர்ற சந்தேகம் இது, நீங்க ஒருத்தர் இல்ல. டை எப்படி செய்றாங்கன்னு தெரிஞ்சா பாதி தீந்துரும். எழுத்து மேடா இருக்குற ஹப்னு ஒரு தாய் அச்சை வச்சு அமுக்கித்தான் டை செய்றது, பழைய முறையில ஒரே அமுக்குல முழுசாப் பதியாது, டையை சூடுபண்ணி எளக்கி ரெண்டாவது தடவை அமுக்கணும். அந்த ரெண்டாவது தடவை நூலிழை வெலகி உக்காந்துட்டா டையிலயே எழுத்து ரெண்டா விழுந்துரும், அந்த டையில அடிச்ச அத்தனை காசுலயும் அச்சு அசலா அதே எடத்துல அதே அளவுல ரெண்டா வரும். இதுதான் நெச டபுள் டை. மத்தது மெஷின் டபுளிங், டை நல்லாத்தான் இருக்கும், ஆனா தளர்வா மாட்டியிருக்கும், அடிச்ச கையோட லேசாத் துள்ளி, இப்பப் பதிஞ்ச எழுத்தோட ஓரத்தைத் தள்ளி நசுக்கிட்டுப் போயிரும்.

ரெண்டையும் 30 மடங்குல பிரிக்கலாம். நெச டபுள் டையில ரெண்டு எழுத்துமே உருண்டு திரண்டு இருக்கும், எழுத்து வழக்கத்தை விட அகலமா இருக்கும், கால் முடியுற மொனையில ரெண்டா பொளந்து நடுவுல ஒரு வெட்டு தெரியும். மெஷின் டபுளிங்ல ரெண்டாவதா தெரியுறது எழுத்தே இல்ல, வீட்டுப் படிக்கட்டுல கடைசிப் படி மாதிரி தாழ்வா, தட்டையா, பளபளன்னு ஒரு திட்டு இருக்கும், அது எழுத்துல இருந்து வெட்டி எடுத்த சதைதான், அதனால மூல எழுத்து ஒல்லியாயிருக்கும். மூணாவதா ஒண்ணு, டை தேஞ்சுபோனா எழுத்து ஓரமெல்லாம் கசிஞ்ச மை மாதிரி மங்கலா வீங்கும், அதையும் டபுள்னு சொல்லித் திரியுறாங்க. இதுல நெச டபுள் டை மட்டும்தான் வெரைட்டி. மெஷின் டபுளிங் நம்ம ஸ்டீல் காசுல எக்கச்சக்கமா கெடக்கு, அதுக்கு சேகரிக்கிறவங்க கூடுதலா ஒண்ணும் குடுக்க மாட்டாங்க, குடுக்கணும்னு கேட்டா அது நியாயமும் இல்ல.

வெள்ளி ரூபா ஆறும் எடுத்து முன்னால வைங்க, எனக்குப் புடிச்ச பகுதி இதுதான். மொதல்ல எடை, நகைத் தராசு மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிக்கிருங்க, அந்தக் கால ஒரு ரூபா 11.66 கிராம், நல்லா தேஞ்சது கொஞ்சம் கொறையலாம், ஆனா 10க்குப் பக்கத்துல நின்னாலோ 12ஐத் தாண்டுனாலோ சந்தேகப்படணும். அப்புறம் மைக்ரோஸ்கோப்ல காசோட ஓரத்தைப் பாருங்க. வார்த்து எடுத்த போலின்னா சுத்தி ஒரு இணைப்புக் கோடு ஓடும், அதை அரம் போட்டு மறைச்சிருப்பாங்க, தரையில குண்டூசி மொனை மாதிரி உருண்டைக் குழிகள் இருக்கும், அது காத்துக் குமிழி. அடிச்ச காசுல உலோகம் நடுவுல இருந்து ஓரத்துக்கு ஓடுன கோடுகள் எழுத்தோரத்துல தெரியும், வார்த்ததுல அந்த ஓட்டம் இருக்காது. 1939 ஜார்ஜ் ரூபா மாதிரி அபூர்வமான வருஷம் யாராவது காட்டுனா கடைசி நம்பரைச் சுத்தி உள்ள தரையைத்தான் பாக்கணும், நம்பரை அப்புறம் பாக்கலாம், வேற வருஷத்தை செதுக்கி மாத்தியிருந்தா அந்த வட்டத்துல மட்டும் தரை கலஞ்சு, மத்த எடத்தோட ஒட்டாம இருக்கும்.

உங்க ஆறுல விக்டோரியா ராணி போட்ட 1862 ஒண்ணு இருக்குன்னு எழுதியிருந்தீங்க. 1862ன்னு போட்டதெல்லாம் 1862ல அடிச்சது இல்ல, அந்தத் தேதியை மாத்தாமலே 1874 வரைக்கும் அடிச்சாங்க, பம்பாய்ல மட்டும் எந்த வருஷம் அடிச்சதுன்னு தெரிய குட்டிக் குட்டிப் புள்ளி வச்சாங்க. தேதிக்குக் கீழ எத்தனை, மேல எழுத்துப் பக்கம் எத்தனைன்னு எண்ணித்தான் இந்தக் காசை வகை பிரிக்கிறது. 20 மடங்கு போதும், ஆனா புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவுல நூறு வருஷத்து அழுக்கு அடைஞ்சிருக்கும், அதனால மூணை ரெண்டுன்னு எண்ணிருவோம். எங்க வீட்டு 1862ல நான் ரொம்ப நாளா ரெண்டு புள்ளின்னு எழுதி வச்சிருந்தேன், மைக்ரோஸ்கோப் வந்தப்பறம் சைடு லைட்ல பாத்தா மூணாவது புள்ளி, அதை மூடியிருந்தது விபூதி.

ஆமா விபூதி. எங்கம்மா ஒவ்வொரு தைப் பொங்கலுக்கும் வெள்ளி ரூபாயெல்லாம் எடுத்து விபூதி போட்டுத் தேச்சு சாமி படத்துக்கு முன்னாடி வைப்பாங்க, பக்தியிலதான் செஞ்சாங்க, அதுல எனக்கு வருத்தமே இல்ல. ஆனா மைக்ரோஸ்கோப்ல பாத்தா ராணி கன்னம் பூரா ஒரே திசையில ஆயிரம் மெல்லிசுக் கோடு, மேட்டுப் பகுதியெல்லாம் மழுங்கல். உங்க வீட்டுலயும் சொல்லி வைங்க, புளி, எலுமிச்சை, பாத்திரம் தேய்க்கிற பவுடர், பல்பொடி, விபூதி எதுவும் வேணாம். ரொம்ப அழுக்கா இருந்தா பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர்ல ரெண்டு நாள் ஊறப்போட்டு, தேய்க்காம மெத்துன்னு துணியில ஒத்தி எடுங்க. பிசுக்குக்கு சுத்தமான அசிட்டோன் போகும், ஆனா கண்ணாடிக் கிண்ணத்துல, ஜன்னலைத் தொறந்து வச்சு, அடுப்பு விளக்கு பக்கத்துல இல்லாம. பல நேரம் ஒண்ணும் செய்யாம விடுறதுதான் காசுக்கு நல்லது.

பச்சை புடிச்ச செம்புத் துண்டு எல்லாம் மதுரை நாயக்கர் காலத்துக் காசா இருக்கலாம்னு நீங்க நெனக்கிறது நடக்காத விஷயம் இல்ல, வைகை மணல்ல இந்த மாதிரி சின்னச் செம்புக் காசு கெடச்சிருக்கு, பாண்டியர் மீன் போட்டது, சுல்தான்கள் காலத்துது, ரோமானியக் காசு வரைக்கும் கெடச்ச ஊர் இது. ஆனா இதுக்கு மைக்ரோஸ்கோப் ரெண்டாம்பட்சம். இந்தக் காசுல டையில உள்ள உருவம் பெருசு, தகடு சின்னது, அதனால பாதி உருவம்தான் விழுந்திருக்கும், 30 மடங்குல பாத்தா மீனும் தெரியாது யானையும் தெரியாது, வெறும் மலைக்காடு மாதிரி இருக்கும். வெறுங்கண்ணால, சாய்ஞ்ச வெளிச்சத்துல, கையில வச்சு திருப்பித் திருப்பிப் பாத்தாத்தான் உருவம் எழும்பும். மைக்ரோஸ்கோப் அங்க ஒரு விஷயத்துக்கு ஒதவும், பச்சை நெசமானதா, இல்ல பூசுனதான்னு பாக்க. காலத்துல வந்த பச்சை உலோகத்தைக் கவ்விக்கிட்டு கெட்டியா, குருணை குருணையா, அடியில செவப்பும் பழுப்புமா அடுக்கடுக்கா இருக்கும். பூசுனது பெயின்ட் மாதிரி மேட்டுலயும் பள்ளத்துலயும் ஒரே கனத்துக்குப் படிஞ்சிருக்கும், இல்ல பள்ளத்துல மட்டும் பொடியாத் தேங்கியிருக்கும். சட்டத்தையும் தெரிஞ்சு வச்சுக்கிருங்க, மண்ணுல புதையலாக் கெடச்சா 1878 புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்கணும், நூறு வருஷம் தாண்டுன காசை நாட்டை விட்டு வெளிய அனுப்பவும் கூடாது.

வெலை பத்தி நீங்க கேக்கல, ஆனா நீங்க சேத்து அனுப்புன வீடியோ லிங்க்ல அஞ்சு ரூபா காசு அஞ்சு லட்சம்னு போட்டிருந்துச்சே, அதுக்காகச் சொல்றேன். அந்த மாதிரி ஆளுக மொதல்ல ரிஜிஸ்டிரேஷன் பீஸ், வரி, கமிஷன்னு உங்ககிட்ட காசு கேப்பாங்க, ரிசர்வ் பேங்க் பேரைக்கூடச் சொல்லுவாங்க. 2021 ஆகஸ்ட்ல ரிசர்வ் பேங்கே அறிவிப்பு விட்டுச்சு, பழைய நோட்டு காசு வாங்கி விக்கிற எந்த வேலையிலயும் நாங்க இல்ல, அதுக்குக் கட்டணமும் கேக்குறதில்லன்னு. பத்து ரூபா காசுல பத்துக் கோடு உள்ளது நல்லது, பதினஞ்சு கோடு உள்ளது கள்ளக்காசுன்னு நம்ம பக்கம் டீக்கடையில வாங்க மாட்டேன்னு தூக்கிப் போட்டாங்களே, அதுவும் இப்படிக் கெளம்புனதுதான். 2018 ஜனவரியில 14 டிசைனும் செல்லும்னு ரிசர்வ் பேங்க் சொன்னப்பறமும் எங்க கவுண்ட்டர்ல நின்னு சண்டை போட்டவங்க உண்டு. ஒரு சின்ன வித்தியாசத்தைப் பாத்துட்டு அது ஏன் வந்துச்சுன்னு விசாரிக்காம முடிவு கட்டுறது காசு சேகரிக்கிறவனுக்கு ஆகவே ஆகாத பழக்கம்.

கடைசியா உங்க 1998 ஒரு ரூபா. போன் கேமராவுல டார்ச் போட்டு எடுத்திருக்கீங்க, அதுல எழுத்து ஓரத்துல தெரியுற ரெண்டாவது கோடு பளபளன்னு தட்டையா, எல்லா எழுத்துலயும் ஒரே பக்கமாத் தள்ளி நிக்குது, இதை வச்சு எனக்கு மெஷின் டபுளிங்னுதான் படுது. ஆனா டார்ச் வெளிச்சத்துல முடிவா சொல்லக் கூடாது. மைக்ரோஸ்கோப் வந்தவுடனே எல்ஈடியை அணைச்சிட்டு, லாம்பை ஸ்கிரீனுக்கு மேல்பக்கம் வச்சு ஒரு படம், காசை மட்டும் கால் சுத்து திருப்பி ஒரு படம் எடுங்க, பெட்டியில அதே வருஷம் அதே மின்ட் மார்க் உள்ள இன்னொரு ஒரு ரூபா இருந்தா அதையும் அதே வெளிச்சத்துல எடுத்து பக்கத்துல வச்சு, எழுத்தோட அகலம் கூடியிருக்கா ஒல்லியாயிருக்கான்னு பாருங்க. அதுக்கு முன்னாடி அந்த 1862ல புள்ளி எத்தனைன்னு எண்ணி, மேல கீழ தனித்தனியா எழுதி அனுப்புங்க, அதைத் தெரிஞ்சுக்கத்தான் எனக்கு இப்ப ரொம்ப ஆசையா இருக்கு.